அடித்து எழுதிய பெயர்

மக்கா,

இன்று காலை கொள்ளுப்பேத்தி என் தோளில் பால் கக்கினாள். "அம்மா, சீலைய மாத்துங்க, நாறுகு" என்றாள் மகள். நான் மாற்றவில்லை. அந்தப் புளித்த வாடை எனக்கு நாற்றமாகத் தெரிந்ததே கிடையாது. முதன்முதலில் அது என் தோளில் ஏறியது உன் வாயிலிருந்துதான். அப்போது எனக்குப் பத்து வயது. நீ பிறந்து ஒன்பது நாள். வாடை காய்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்று, பேத்தி அனுவின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டேன். வெளியே நல்ல மழை.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலிருந்து போன் வந்தால் உன் முதல் பேச்சு எப்போதும் ஒன்றுதான்: "அக்கா, பிள்ளைகள் விசேசம் ஒவ்வொண்ணாச் சொல்லு." ஆகையால் அதையே முதலில் சொல்கிறேன். மூத்த பேரன் விழிஞ்ஞம் புதுத் துறைமுகத்தில் இஞ்சினியர் ஆகிவிட்டான். கப்பலிலிருந்து பெட்டி இறக்குகிற கிரேன்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. பத்மநாபசாமி கோயில் கோபுரத்தைப் போல மூன்று மடங்கு உயரமாம். நான் நம்பவில்லை என்றதும் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்திலிருந்து காட்டினான். அனு பேங்க் ஆபீசர் பரீட்சையில் ஜெயித்துவிட்டாள், அதுவும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு. இளைய பேரன் பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். கரமனை ஜங்ஷனில் அவன் முகத்தை பிளெக்ஸ் அடித்துக் கட்டியிருக்கிறார்கள். மழையில் மூக்குப் பக்கம் கொஞ்சம் கிழிந்துபோயிற்று. ஆனாலும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஆள் அடையாளம் தெரியும். அனுவின் மகளுக்குப் பதினொரு மாதம், நாலு பல். பிடியில்லாமல் எட்டு எண்ணும்வரை நிற்கிறாள். எண்ணியது நான், அதனால் ஆறு என்று வைத்துக்கொள். உன் பேத்தி மீரா நீச்சலில் ஏதோ பட்டயம் வாங்கியிருப்பதாக உன் மகன் சொன்னான். அதை நீ அல்லவா எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

விசேசம் முடிந்தது. இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். டிசம்பரில் வந்திருந்தபோது நம் அடுக்களையில் உட்கார்ந்து நீ கேட்டாய்: "அக்கா, என்ன வளத்ததுல ஒனக்குச் சங்கடமே இல்லியா?" நான் உன்மேல் எரிந்து விழுந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீ அந்தப் பேச்சைச் சுற்றிச் சுற்றி வந்தாய். நான் "வைக்கட்டா, அடுப்புல பால் இருக்கு" என்று வைத்தேன். மார்ச்சில் நீ கண்ணை மூடிவிட்டாய். பதில் என்னிடமே நின்றுவிட்டது. அதை இன்றைக்கு உன்னிடம் சேர்த்துவிட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடுதாசி.

நீ பிறந்தது இதே போல ஒரு ஜூன் மாதம். நான் ஐந்தாம் கிளாஸ் ஜெயித்து ஆறில் சேர வேண்டிய மாதமும் அதுதான். உன்னைப் பெற்ற பிறகு அம்மைக்குக் கால் ஊன்ற முடியாமல் போயிற்று. எட்டு மாதம் படுக்கை. அப்பா விடிந்தால் சாலைக் கடைத்தெருவில் கடை திறக்கப் போய்விடுவார். வேறு பெண்பிள்ளை வீட்டில் இல்லை. "இவ ஆறு மாசம் நிக்கட்டும், பொறவு சேத்துக்கிடலாம்" என்று அப்பா அம்மையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. யாரும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை, மக்கா. சேர்க்கவில்லை, அவ்வளவுதான். அம்மை எழுந்து நடமாடத் தொடங்கியபோது நீ என் ஒக்கலை விட்டு இறங்க மாட்டேன் என்றாய். அம்மை கை நீட்டினால் என் ஜம்பரைப் பிடித்துக்கொண்டு கத்துவாய். ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அழுதுகொண்டா உன்னைத் தூக்கினேன்? இல்லை. தெருவில் பிள்ளைகள் பாண்டி விளையாடும்போது உன்னை ஒக்கலில் வைத்துக்கொண்டே நொண்டியடிப்பேன். மேலத்தெரு ராஜம் சண்டைக்கு வருவாள்: "ஏட்டி, நீ ரெண்டு ஆளு. ஒனக்கு ஆட்டம் கெடையாது." ஒருநாள் அவளை ஜெயிக்கவேண்டும் என்கிற வெறியில் உன் இடுப்பில் துண்டைச் சுற்றி ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டுவிட்டு ஆடினேன். ஜெயித்தும் விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் உன் காலெல்லாம் கட்டெறும்பு. அம்மை அகப்பைக்காம்பால் என் முதுகைப் பிளந்துவிட்டாள். நீ என் மடியில் உட்கார்ந்துகொண்டு, அடிக்கிற அம்மையைப் பார்த்து "போ, போ" என்றாய். நீ திருந்தப் பேசிய முதல் வார்த்தை அது. இதைச் சொல்லிச் சொல்லி நாம் எத்தனை தடவை சிரித்திருக்கிறோம்!

அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பேச்சில் ஐந்து வயது வரை பிள்ளை. அதற்குப் பிறகு 'ஏட்டி'. அப்புறம் நேரே 'கொமரு', கல்யாணத்துக்கு நிற்கிற பெண். பத்து வயதுக்காரிக்கு என்று ஒரு பேர் கிடையாது. பேர் இல்லாததால் அப்படி ஒரு வயது இருப்பதும் யாருக்கும் தெரியாது. இப்போது அனுவின் போனில் மாதத்துக்கு ஒரு பேர் வருகிறது. இந்த மாதம் குழந்தை இன்னது செய்யும், அடுத்த மாதம் இன்னது, அதற்கு இன்ன பொம்மை என்று எல்லாம் எழுதியிருக்கிறது. பதினெட்டு வயதில் நிற்கிற இளையவனைக்கூட அவன் பள்ளிக்கூடத்துச் சார்மார் மலையாளத்தில் 'குட்டி', அதாவது பிள்ளை, என்றுதான் சொல்கிறார்கள். அவனுக்குத் தேங்காய் உடைக்கத் தெரியாது. சரி, அவனாவது விளையாடினானா என்றால் அதுவும் இல்லை. காலை ஆறரைக்கு டியூஷன், சாயங்காலம் வேறொரு டியூஷன். குட்டி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். இதில் எது சரி என்று சொல்ல ஐந்தாம் கிளாஸ் படிப்பு போதாது.

டிசம்பருக்கு வருகிறேன். உன் மகனும் அவன் பெண்டாட்டியும் மீராவும் உன்னோடு வந்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பெண் நம் வீட்டில் எப்படி இருப்பாளோ என்று நான் பயந்ததுதான் மிச்சம். அவள் தரையில் சம்மணமிட்டு அவியலை விரலால் வழித்துத் தின்றாள். மீரா உன்னிடம் கற்றுக்கொண்ட அரைகுறைத் தமிழில் என் பின்னாலேயே நடந்தாள். அவளுக்குப் பத்து வயது என்றாய். அனுவின் குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். நான் அடுப்பைப் பார்க்கப் போகிற அவசரத்தில், பழக்கதோஷம், குழந்தையை மீராவின் ஒக்கலில் வைத்து அவள் கையை எடுத்து அதன் முதுகில் அணைத்துக் கொடுத்தேன். மீராவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! உடனே உன் மருமகள் ஓடிவந்து குழந்தைக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"கீழ விட்டிருவாளோன்னு பயப்படுகா" என்றாய் நீ.

"விடமாட்டா. இவள மாதிரி இருக்கும்போதுதான் நான் ஒம் மாமனார வளத்தேன்னு சொல்லுல."

நீ சொன்னாய். உன் மருமகள் குழந்தையை வாங்கி அனுவிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. என்னவோ சொன்னாள்.

"என்னல சொல்லுகா?"

"ஒண்ணுமில்லக்கா."

"அவ அழுகா, நீ ஒண்ணுமில்லங்க. சொல்லு."

"ஒங்களுக்கு ஒதவிக்கு யாருமே இல்லியான்னு கேக்கா."

"நான்தாம்ல ஒதவி!" என்று நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மீரா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பாட்டி, அப்போ நீங்க விளையாட யார் உங்களைக் கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டாள். நீ மகனைப் பார்த்தாய். மகன் சுவரைப் பார்த்தான்.

அவர்கள் ஊர் வழக்கத்தை நீ பிறகு சொன்னாய். அங்கே மீரா ஆறு வயதிலிருந்தே தனியாக டிராம் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறாள். கைக்குழந்தையைத் தனி அறையில் தனிக் கட்டிலில் தூங்கப் போடுகிறார்கள். நம் வீட்டில் அனுவைப் பத்தாம் கிளாஸ் வரை நான் பஸ் ஸ்டாப்பில் கொண்டுவிட்டேன். அவர்களுக்கு நம்மைப் பார்த்தால் பதைப்பு, நமக்கு அவர்களைப் பார்த்தால் பதைப்பு. ஒரு ஊரில் ஒரு பிள்ளை இதைத் தாங்கும் என்கிறார்கள், இன்னொரு ஊரில் அதே பிள்ளை வேறொன்றைத் தாங்கும் என்கிறார்கள். பிள்ளையிடம் கேட்பார் எங்குமே இல்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை நான் சாம்பாருக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். நீயும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். அறுபத்தெட்டு வயதில், வழுக்கைத் தலையோடு. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள், "அது தப்புதாம்க்கா. நான் பொறந்ததினாலல்லா ஒம் படிப்பு போச்சு. நீயும் அப்போ சின்னப்பிள்ளதானே?" என்றாய்.

"சவமே, எந்திரில இங்கேருந்து. வெள்ளைக்காரி ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டதும் ஒனக்கு ஞானம் வந்துட்டோ? எனக்கு ஒரு கொறயும் இல்ல."

"அதில்லக்கா..."

"ஒன்ன வளத்தது தப்புன்னா நான் பொறந்து என்னத்துக்கு? வேற என்ன செஞ்சேன் நான்?"

நீ உள்ளியை வைத்துவிட்டு எழுந்து போனாய்.

எனக்குச் சுட்டது 'தப்பு' என்கிற அந்த ஒரு சொல்தான். என் மகள் பட்டம் வாங்கியது அவள் சாமர்த்தியம். பேரன்கள் படித்தது காலம் நன்றாக இருந்ததால். ஆனால் நீ என்னுடையவன். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாராவது பழைய ஆள் "தம்பி ஜெர்மனிலயா?" என்று கேட்டால் நான் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வேன். பதினெட்டு வயதில் எனக்குக் கல்யாணம் ஆனபோது எட்டு வயது உன்னை விட்டுப் போக முடியாது என்று, இந்தத் தெருவிலேயே மாப்பிள்ளை பார்க்கச் சொன்னவள் நான். அதைத் தப்பு என்று எடுத்துவிட்டால் என் கையில் மிஞ்சுவது என்ன? அதனால்தான் கத்தினேன்.

ஆனால் கத்தியது பதில் இல்லை. பதில் இதுதான்.

உன்னை ஒன்றாம் கிளாஸில் சேர்க்கப் போன நாளை நீ எல்லாரிடமும் சொல்லுவாய். "நான் பள்ளிக்கூடத்தப் பாத்து பயந்து அழுத அழுகையில டீச்சரே மிட்டாய் குடுத்தாங்க" என்பாய். உன் மகன் கல்யாணத்தில்கூட மைக்கில் சொன்னாய். அது நடந்தது அப்படி இல்லை, மக்கா. அறுபது வருடத்துக்கு மேலாக நான் அதைத் திருத்தவில்லை.

அன்றைக்கும் மழை. மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால்தான் சர்க்கார் வேலை கிடைக்கும் என்று அப்பா சொல்லிவிட்டார். கடையை விட்டு வரமுடியாததால் என்னை அனுப்பினார். எனக்குப் பதினைந்து வயது. பாவாடை தாவணி. உன்னை ஒக்கலிலிருந்து இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டு மேசை முன்னால் நின்றேன். வயதான ஒரு டீச்சர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி நம் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ரெண்டு குட்டிகளுண்டல்லோ. இதில் ஏது குட்டியா சேருந்நது?"

இரண்டு பிள்ளைகள் நிற்கிறீர்களே, இதில் சேருகிற பிள்ளை எது என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டாரோ, நிஜமாகவே தெரியாமல் கேட்டாரோ. என்னையும் சேர்த்து எண்ணியிருந்தார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். என்னைப் பார்த்து ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. உன் கையை விட்டுவிட்டேன்.

டீச்சர் பேனாவை மையில் தொட்டு, "பேரு பறயூ" என்றார்.

நான் என் பேரைச் சொன்னேன்.

அவர் எழுதினார். பெரிய பச்சை அட்டைப் புத்தகம். என் பேர் மலையாள எழுத்தில், வட்ட வட்டமாக, கடைசி எழுத்து வரைக்கும் எழுதி முடிந்துவிட்டது. அப்போது நீ என் தாவணியை இழுத்து உரக்கச் சொன்னாய்: "அக்கா, அது ஒம் பேருல்லா!"

உன் தொடையைப் பிடித்துக் கிள்ளினேன். நகம் பதிகிற மாதிரி. நீ வீறிட்டாய். பயந்து அழுகிறான் என்று நினைத்துத்தான் டீச்சர் மேசை இழுப்பறையிலிருந்து மிட்டாய் எடுத்தார். "என் பேரையாக்கும் கேக்குதீங்கன்னு நெனச்சேன்" என்று தமிழில் உளறினேன். அவர் சிரித்துக்கொண்டே என் பேர்மேல் ஒரு கோடு இழுத்தார். அதற்குப் பக்கத்தில் உன் பேரை எழுதினார்.

வீட்டில் வந்து, டீச்சர் என்னைக் குட்டி என்று சொன்னதை மட்டும் சொன்னேன். அம்மை விழுந்து விழுந்து சிரித்தாள். "குட்டியாமே! ஆட்டுக்கும் பூனைக்கும்லா குட்டி. எத்துற பெரிய கொமரு, இவளப் போயி குட்டிங்கா பாரு!" அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் யார் பேரைக் கேட்கிறார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னேன். ஆகவே உன் கேள்விக்குப் பதில்: ஆமாம் மக்கா, சங்கடம் இருந்தது. உள்ளி உரித்துக்கொண்டிருந்த அன்றைக்கும் இருந்தது. ஆனால் அதற்கு நீ காரணம் இல்லை. அம்மையையும் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் ஏழு வயதிலேயே இரண்டு தங்கச்சிகளைச் சுமந்தவள். என்னிடமிருந்து எடுத்தவர் என்று யாரும் இல்லை. எடுக்க அங்கே ஒன்று இருந்தது என்பதே நம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொன்ன முதல் ஆள் நீதான், அதுவும் அறுபத்தெட்டு வயதில். அதைச் சொன்ன வாயை நான் அடைத்துவிட்டேன். கிள்ளியதற்கும் அடைத்ததற்கும் சேர்த்து இந்த அக்காவை மன்னித்துக்கொள். உன்னை வளர்த்தது என் சந்தோஷம். சங்கடமும் அதோடு கூடவே இருந்தது. இரண்டையும் ஒரே ஒக்கலில்தான் வைத்திருந்தேன். ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகிவிடும் என்று பயந்தேன். அப்படி ஆகாது என்று எனக்குப் புரிய நீ போக வேண்டியிருந்தது.

உன்னைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. உன் மகன் போனில் காட்டினான். மூடிய பெட்டியும் பூவும்தான் தெரிந்தன. இப்போதும் பஸ் ஸ்டாப்பில் நின்றாலும் பூஜைக்கு நின்றாலும் என் இடது இடுப்பு தானாக வெளியே ஒதுங்கிக்கொள்கிறது. "கைல பிள்ள இல்லியே அம்மா, நேரா நில்லுங்க" என்கிறாள் மகள். நேராக நின்றால் எனக்கு விழுந்துவிடுவேன் போலிருக்கிறது. நீ ஏறி உட்கார்ந்த இடம் அது. அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

எதிர்வீட்டுப் பையன் இன்றைக்கு ஒன்றாம் கிளாஸ் சேர்ந்தான். பள்ளிக்கூட வாசலில் பலூன் கட்டி, பாட்டு வைத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் கிரீடம் வைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்களாம். ஈரம் சொட்டுகிற காகிதக் கிரீடத்தோடு வந்து என்னிடம் காட்டினான். நன்றாக இருந்தது.

மீராவுக்கு இந்த மாதம் பதினொன்று நிறைகிறது. உன் மகனுக்குத் தமிழ் வாசிக்க வராது; அதனால் இதையும் உன்னிடமே சொல்கிறேன். அவளைப் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல். போனில் வேண்டாம், போனில் வருகிறது விரல் பட்டதும் ஓடிவிடுகிறது. காகிதத்தில் போட்டு, தபாலில் அனுப்பட்டும். எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை. கையில் எதையும் கொடுக்க வேண்டாம், ஒன்றும் செய்யவும் சொல்ல வேண்டாம். சும்மா நிற்கட்டும். பதினொரு வயது எப்படி இருக்கும் என்று நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். அனுப்பச் சொல், மக்கா.